நின்று பதில் சொல்பவர்

முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத்தான் முதலில் துடைப்பார். வெளிப்பக்கத்தை எல்லா ஓட்டுநரும் துடைப்பார்கள். உள்ளே படிகிற மூச்சுக்காற்றும் விரல் அழுக்கும் பகலில் தெரியாது. இரவில் எதிரே ஒரு வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தால் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும் என்பது அவர் கட்சி. துடைப்பதற்குப் பழைய நாளிதழ்த் தாள். எங்கள் அலுவலகத்தில் அதற்கா பஞ்சம். நான் மூன்று முறை படித்துப் பிழை திருத்திய பக்கம் அவர் கையில் கசங்கி உருண்டையாவதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்கிறேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் உழைப்பால் யாருக்காவது ஏதாவது தெளிவாகத் தெரிகிறது என்றால் அது அந்தக் கண்ணாடி வழியாகத்தான்.

அடுத்தது போன். சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் குளிர்காற்று வரும் துவாரத்துக்குக் கீழே ஒரு கவ்வியில் பொருத்துவார். "கண்ணுக்கு நேரா வெச்சா ரோடு மறையும். மடியில வெச்சா தலை குனியும். ஓரக்கண்ணுக்குத் தட்டுப்பட்டாப் போதும்" என்பார். பிறகு மேப்பைக் கறுப்புத் திரைக்கு மாற்றுவார். வெளிச்சத்தைக் கடைசி வரைக்கும் குறைப்பார். குரலைக் கடைசி வரைக்கும் கூட்டுவார். வேறு எந்த அழைப்பும் செய்தியும் குறுக்கே வராதபடி அடைப்பார். அதற்கு முன் மனைவிக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்புவார்: 'கிளம்பறேன்'. அதன் பிறகு வண்டி திரும்பும் வரை வீடே இடிந்து விழுந்தாலும் அவரைப் பிடிக்க முடியாது.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. போக வேண்டிய வழி முழுவதையும் விரலால் தடவிக்கொண்டே வாய்விட்டு ஒருமுறை படிப்பார். "இங்க வலது. இங்க பாலம். இங்க நேத்து தோண்டிப் போட்டிருந்தான், இன்னிக்கு மூடினானோ என்னவோ." நாங்கள் நாலு பேர் கண்ணெல்லாம் எரிய, எப்போது வீடு போய்ச் சேருவோம் என்று உட்கார்ந்திருப்போம். நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகியிருக்கும். ஒருநாள் அச்சு இயந்திரக்காரர் பொறுக்க மாட்டாமல், "இந்நேரத்துக்கு ஏரோப்ளேனே கிளம்பியிருக்கும்ப்பா" என்றார். அவர் திரும்பிப் பார்த்து மிகுந்த மரியாதையோடு, "அதுல ரெண்டு பேர் ஓட்டுவாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மிச்ச வழியையும் படித்து முடித்தார்.

நாளிதழ் அலுவலகத்தின் இரவு வேன் ஓட்டுநர் அவர். வயது ஐம்பத்திரண்டு. ஒல்லியான உடம்பில் பெரிய காதுகள். இரவுப் பணி முடிந்தவர்களை வீட்டு வாசலில் இறக்கிவிடுவது வேலை. பக்கம் வடிவமைக்கும் பெண் முதலில் இறங்குவாள், பிறகு அச்சு இயந்திரக்காரர், பிறகு விளம்பரப் பிரிவில் இரவு இருக்கும் ஒருவர். ஊருக்கு வெளியே வட்டச் சாலையைத் தாண்டிக் குடியிருக்கும் நான் கடைசி. அவர் வீடும் என் பக்கம்தான். அதனால் கடைசி அரை மணி நேரம் வண்டியில் நாங்கள் இருவர் மட்டும் இருப்போம். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த அரை மணிகளில் தெரிந்தது.

வேனில் அவருக்கு வைத்த பெயர் 'சரிங்கம்மா'. வைத்தது பக்கம் வடிவமைக்கும் பெண். மேப்பில் பேசுகிற பெண்குரல், "இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்று சொல்லும். இவர், "சரிங்கம்மா" என்பார். வேடிக்கைக்குச் சொல்வதில்லை. ஒருத்தர் நம்மிடம் ஒன்று சொன்னால் காதில் விழுந்தது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. எப்போதாவது அந்தக் குரல் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் நுழையச் சொல்லும். அப்போதும் "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, நேராகப் போவார். "மெஷினோட சண்டை போட முடியுமா சார்? பலகை சொல்றதத்தான் கேக்கணும். அதுக்கு முகத்துல அடிச்ச மாதிரி முடியாதுன்னா சொல்றது?"

எட்டு வருஷமாக நாங்கள் போகிற அதே தெருக்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவார். பிறகு எதற்கு மேப் என்று கேட்டால், ராத்திரியில் தெரு மாறிவிடும் என்பார். அது உண்மைதான். குழாய் பதிக்கிறவர்கள், தார் போடுகிறவர்கள், கம்பி இழுக்கிறவர்கள் எல்லோரும் ஊர் அடங்கிய பிறகுதான் மண்வெட்டியை எடுக்கிறார்கள். நேற்று இருந்த சாலை இன்று இருக்காது. அதை முன்னால் போன வண்டிக்காரர் யாராவது மேப்பில் குறித்துவிட்டுப் போயிருப்பார். பின்னால் வருகிறவர்களுக்கு அந்தக் குரல் எச்சரிக்கும். இடத்தைத் தாண்டியதும் திரையில் ஒரு கேள்வி எழும்: 'இந்த இடையூறு இன்னும் இருக்கிறதா?' கீழே இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

உங்களில் பலர் இந்தக் கேள்வியைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் பாராமல் போயிருப்பீர்கள். பத்து விநாடியில் அது தானாக மறைந்துவிடும், யாரும் வந்து சண்டை போடப்போவதில்லை. இவர் மட்டும் இன்டிகேட்டரைப் போட்டு, வண்டியை ஓரம் கட்டி, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கைபிரேக்கை இழுத்து, அதன் பிறகு விரலை நீட்டி ஆம் என்றோ இல்லை என்றோ அமுக்குவார். அதற்குள் கேள்வி மறைந்து போயிருந்தால், மூலையில் இருக்கும் பொத்தானைத் தேடித் தானாகவே புதிதாகப் பதிவார். பிறகு கண்ணாடியில் பின்னால் பார்த்து, மறுபடி இன்டிகேட்டர் போட்டு, சாலைக்குள் வருவார். ஓர் இரவுக்கு எட்டுத் தடவை, ஒன்பது தடவை.

நாங்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். "விட்டுடுங்கண்ணா, யாரு பாக்கப் போறா?" என்றாள் பக்கம் வடிவமைக்கும் பெண்.

"கேட்டா பதில் சொல்லணும்ல?" என்றார்.

"சரி, ஓட்டிக்கிட்டே அமுத்துங்க. ரோடுதான் காலியாக் கெடக்கே" என்றார் அச்சு இயந்திரக்காரர்.

அதற்கு மட்டும் அவரிடமிருந்து பதில் வரவில்லை. எதற்கும் பதில் சொல்கிற மனிதர் ஒன்றுக்குச் சொல்லாமல் இருந்தால் அது துருத்திக்கொண்டு தெரியும். அன்று கடைசி அரை மணியில் நானாகக் கேட்காமலேயே அவர் சொன்னார்.

எங்களிடம் வருவதற்கு முன் சரக்கு டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போதும் இரவுதான். தூறல். "முன்னாடி ஓரமா வண்டி நிக்குதுன்னு சொல்லிச்சு சார். சரிங்கம்மான்னேன். கொஞ்ச தூரத்துல, இடம் தாண்டிட்டேன்னு நெனச்சுக்கிட்டு, இன்னும் நிக்குதான்னு கேட்டுச்சு. நான் இன்னும் அந்த வண்டியப் பாக்கவே இல்ல. ஆனா கேட்டுட்டாளே. கேட்டதும் கை போயிடுச்சு. குனிஞ்சு அமுத்துனேன். நிமிர்றதுக்குள்ள மோதிட்டேன்."

நின்றுகொண்டிருந்தது ஒரு லாரி. பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு லாரியின் உதவியாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஐந்து மாதம் படுக்கை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இவர் மருத்துவமனைக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாராம். அந்த ஆள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றார். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டே அவன் சாதாரணமாக ஒன்று கேட்டிருக்கிறான்.

"அண்ணே, அன்னிக்கு என்ன அமுத்துனீங்க? இருக்குன்னா, இல்லன்னா?"

"எனக்குத் தெரியல சார்" என்றார் என்னிடம். "இன்னிக்கு வரைக்கும் தெரியல. போன் உடஞ்சு போச்சு. ஒருவேளை இல்லைன்னு அமுத்தியிருந்தா? ரோட்டுல அவன் விழுந்து கெடக்கறான், எனக்குப் பின்னாடி வர்றவனுக்கு அங்க ஒண்ணுமில்ல, தாராளமா வாடான்னு சொன்ன மாதிரி ஆச்சே."

என் வீட்டு வாசல் வந்திருந்தது. "ஆமான்னுதான் அமுத்தியிருப்பீங்க" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும், "சரிங்க சார்" என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு உதவலாம் என்று நான் புறப்பட்டது தனிக்கூத்து. முன்சீட்டில் சும்மாதானே உட்கார்ந்து வருகிறேன், கேள்வி வந்தால் நான் அமுக்குகிறேன், நீங்கள் ஓட்டுங்கள் என்றேன். நியாயமான யோசனை, அவரும் ஒப்புக்கொண்டார். நாலு இரவு ஒழுங்காக நடந்தது. ஐந்தாம் இரவு நான் கண்ணயர்ந்திருந்தேன். கேள்வி மணி கேட்டதும் பாதித் தூக்கத்தில் கை நீண்டு எதையோ அமுக்கியது. அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் கேட்டார்: "என்ன சார் அமுத்துனீங்க?" இல்லை என்று அமுக்கியிருந்தேன். நாங்கள் தாண்டி வந்தது இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டிய பள்ளம். அவர் அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பி, ஒன்றரைக் கிலோமீட்டர் திரும்பிப் போய், பள்ளத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஆம் என்று பதிந்துவிட்டு வந்தார். முப்பது வருஷமாகப் பிழை திருத்திச் சாப்பிடுகிறவன் நான். அன்று காதெல்லாம் சூடாகிவிட்டது. "நீங்க பாக்கல சார், அதான்" என்றார். "பாத்தவன்தான் சொல்லணும்." அதோடு என் உத்தியோகம் போயிற்று.

அவருடைய உத்தியோகத்துக்கு ஆபத்து வந்தது எங்கள் அலுவலகப் போக்குவரத்துப் பிரிவுக்குப் புது அதிகாரி வந்த பிறகு. வயது முப்பத்தைந்து இருக்கும், சுறுசுறுப்பானவர், கெட்ட மனிதர் கிடையாது. வேன்களில் எல்லாம் ஒரு கருவியைப் பொருத்தினார். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பது அவர் கணினியில் தெரியும். ஆள் இறங்குகிற இடம் தவிர வேறு எங்காவது அரை நிமிடத்துக்கு மேல் நின்றால் சிவப்புப் புள்ளி விழும். மற்ற வேன்களுக்கு இரவுக்கு ஒன்று, இரண்டு. இவர் வழித்தடத்தைப் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி இருந்தது.

கடிதம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்கு வந்து ஒருதரம் படிச்சுச் சொல்லுங்க சார். அவளும் கேக்கணும்" என்றார். மறுநாள் மாலை நாலு மணிக்கு, அவர் தூங்கி எழுகிற நேரத்தில் போனேன். இரண்டாவது மாடியில் ஒரு கூடமும் சமையலறையும். பகலில் இருட்டாக இருக்கட்டும் என்று ஜன்னல் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். கதவில், மகளின் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'உள்ளே ஒருவர் தூங்குகிறார். மெதுவாகத் தட்டவும். அவசரமென்றால் மாலை வரவும்.'

அவர் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். வீட்டிலும் கை சும்மா இல்லை. நான் படிக்கப் படிக்கத் துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டே கேட்டார். கடிதத்தில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. பழக்கதோஷம், அவற்றைத் தாண்ட முடியாமல் தாண்டிப் படித்தேன். விஷயம் இதுதான். ஓர் இரவுக்கு மூன்று நிறுத்தங்களுக்கு மேல் கூடாது. ஒரு மாதம் பார்ப்பார்கள். ஓர் இரவு மீறினாலும் இந்த வேன் வெளி ஏஜென்சிக்குப் போய்விடும். ஏஜென்சிக்காரர்கள் தங்கள் ஆட்களைத்தான் அனுப்புவார்கள். விபத்து பதிவான உரிமத்தோடு ஐம்பத்திரண்டு வயதில் வேறு எங்கே போய் நிற்பது என்பது கடிதத்தில் எழுதப்படவில்லை, ஆனால் அந்தக் கூடத்தில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"இவர் யாரு கேட்டாலும் பதில் சொல்ற ஆளு சார்" என்றார் அந்த அம்மா. "டிவியில நியூஸ் வாசிக்கற பொண்ணு வணக்கம்னு சொன்னா, சோத்துத் தட்ட வெச்சுட்டு இவரும் வணக்கம்பார். நான் பத்து தரம் கூப்பிட்டாத்தான் திரும்புவார், அது வேற கதை."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"அந்த மோதலுக்கப்புறம் ஒரு வருஷம் வீட்டுல இருந்தார். பகல்லயும் தூங்கல, ராத்திரியும் தூங்கல. நடுராத்திரி கண்ணு முழிச்சா, அந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார். இந்த வேன் கெடச்சதுக்கப்புறம்தான் சார் படுத்தா தூங்கறார். விடியக்காலைல வந்து படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கறார். நான் இஸ்திரிக் கடைக்குப் போறப்ப கதவச் சாத்திட்டு ஒரு நிமிஷம் அந்தக் குறட்டையக் கேட்டுட்டுத்தான் போவேன்." மடித்த துண்டைத் தட்டி வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். "ஒரு மாசம். வாயையும் கையையும் கட்டிக்கிட்டு ஓட்டுங்க. யாரோ எவனோ கேக்கறதுக்கெல்லாம் நீங்க பதில் சொல்ல வேணாம்."

"சரிம்மா" என்றார் அவர்.

அந்த மாதம் அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கேள்விகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளப் பழகினார். பக்கம் வடிவமைக்கும் பெண்ணை இறக்கும்போது இரண்டு, அச்சு இயந்திரக்காரரை இறக்கும்போது மூன்று என்று வாசலில் நிற்கும் நேரத்திலேயே பதிந்துவிடுவார். இறங்குகிற இடங்களுக்குப் புள்ளி விழாதே. நடுவில் பெரிய பள்ளம், விளக்கில்லாமல் நிற்கும் லாரி என்றால் மட்டும் நிறுத்துவார். அப்படியும் சில விட்டுப்போகும். விட்டுப்போனதை என் வீட்டு வாசலில் எண்ணிச் சொல்வார். "இன்னிக்கு ரெண்டு பேருக்குச் சொல்லல சார்." எந்த ரெண்டு பேர் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் ஓர் இரவுகூட மூன்றைத் தாண்டவில்லை. மாதம் முடிய ஒரே ஓர் இரவு பாக்கி.

அந்த இரவு அதிகாரியே வேனில் வந்தார். கணினியில் பார்ப்பது போதாது, நேரில் ஒருதடவை பார்த்துவிட்டு முடிவு எழுதலாம் என்று நல்லெண்ணத்தில்தான் வந்தார். முன்சீட்டு அவருக்கு. நான் பின்னால். கண்ணாடி துடைப்பதையும் வழி படிப்பதையும் பார்த்து அவர் முகத்தில் ஒரு பிரியம்கூட வந்தது. "நல்ல பழக்கம்" என்றார். பெண்குரலுக்கு "சரிங்கம்மா" என்று இவர் சொன்னபோது சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அன்றைக்கென்று ஊரையே தோண்டிப் போட்டிருந்தார்கள். பக்கம் வடிவமைக்கும் பெண்ணின் வீட்டுக்கு முன்பே ஒரு நிறுத்தம், சிக்னல் அணைந்த நாற்சந்தி. அடுத்தது வளைவில் விளக்கில்லாமல் நின்ற தண்ணீர் லாரி. மூன்றாவது, பாலத்தின் இறக்கத்தில் கிடந்த ஜல்லிக் குவியல். ஒவ்வொன்றுக்கும் அதிகாரி தன் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டார். மூன்றாவது கோட்டுக்குப் பிறகு, "இதோட போதும், இல்லையா?" என்று தோழமையாகக் கேட்டார்.

"சரிங்க சார்."

மற்ற மூவரும் இறங்கிவிட்டார்கள். மிச்சம் வட்டச் சாலை, பதினொரு கிலோமீட்டர், நடுவில் இறங்க ஆள் கிடையாது. அது முடிகிற இடத்தில் என் வீடு. தெருவிளக்குகள் ஒன்று விட்டு ஒன்று எரிந்தன. வண்டி ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அதிகாரி தன் பிள்ளையின் பள்ளிக்கூடம் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது, தூக்கம்கூட வந்தது.

ஐந்தாவது கிலோமீட்டரில் குரல் சொன்னது: "முன்னால் சாலையில் பொருள் கிடக்கிறது."

"சரிங்கம்மா" என்று வேகத்தைக் குறைத்தார். முகப்பு விளக்கைத் தாழ்த்தி உயர்த்திப் பார்த்தார். எதிரே ஒரு பேருந்து வெளிச்சத்தை வீசிக்கொண்டு போயிற்று. அந்தக் கூச்சத்தில் எங்களுக்கு வலப்பக்கம் சாலையின் நடுவில் கறுப்பாக ஏதோ நழுவியது போல இருந்தது, நிழலாகவும் இருக்கலாம். தாண்டிவிட்டோம். திரையில் கேள்வி எழுந்தது. மணி அடித்தது.

அவர் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

"விட்டுடுங்க" என்றார் அதிகாரி. "காலைல யாராவது சொல்லுவாங்க."

கேள்வி மறைந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடியில் அவர் கண்கள் தெரிந்தன. முன்னால் பார்ப்பதும் பின்னால் பார்ப்பதுமாக இருந்தார். பின்னால் தொலைவில் ஒற்றை விளக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது, இரு சக்கர வண்டியாக இருக்க வேண்டும். போய்விடுங்கள், நிறுத்தாதீர்கள் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கறுப்புத் தாள் ஒட்டிய ஜன்னலும் கதவைச் சாத்திவிட்டு நின்று குறட்டையைக் கேட்கும் அந்த அம்மாவும்தான் நினைவில் இருந்தார்கள். அந்த ஒற்றை விளக்குக்காரனை நான் நினைக்கவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

இன்டிகேட்டர் டிக் டிக்கென்று அடிக்க ஆரம்பித்தது.

வண்டி ஓரத்தில் நின்றது. நான்கு மூலை விளக்குகளும் மின்னின. கைபிரேக்கை இழுத்தார். என்ஜினை அணைத்தார்.

"என்னங்க?" என்றார் அதிகாரி. "நான் இருக்கும்போதே நிறுத்தினா நான் என்னன்னு எழுதறது?"

"நாலாவதுங்க சார். நாலுன்னே எழுதிக்கோங்க" என்றார், வழக்கமான மரியாதையோடு. "அங்க என்ன கெடக்குன்னு எனக்குச் சரியாத் தெரியல. பாக்காம பதில் சொல்ல முடியாது. பாத்துட்டு வந்துடறேன்." சாவியை உருவினார். "வண்டியில சாவிய விட்டுட்டு எறங்கக் கூடாது. நீங்க வெச்சிருங்க சார்." அதிகாரி வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் சாவி அவர் உள்ளங்கையில் இருந்தது.

சீட்டுக்கு அடியிலிருந்து மின்னும் மேல்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு, சாலையோரத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கமாகப் பின்னோக்கி நடந்தார். நடை ஓட்டமானது. நாங்கள் இருவரும் திரும்பி உட்கார்ந்து பின்கண்ணாடி வழியே பார்த்தோம். டார்ச் வெளிச்சம் மேலும் கீழும் ஆடியது. ஒற்றை விளக்குக்காரன் வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, எங்களைக் கடந்து போனான். தலையில் தொப்பி போட்ட ஓர் ஆள், பின்னால் ஒரு பெண். எங்கள் பக்கம் அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாலை இரண்டு பக்கமும் காலியாகும் வரை அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு சாலைக்குள் இறங்கிக் குனிந்தார். லாரியிலிருந்து விழுந்த மரச்சட்டம், ஆள் நீளம் இருந்தது. ஒரு முனையைத் தூக்கி இழுத்து, கம்பிக்கு வெளியே தள்ளி, டார்ச்சை அடித்து மறுபடி ஒருமுறை தரையைப் பார்த்தார். அதிகாரி மடியில் குறிப்பேடு விரிந்தபடி இருந்தது. பேனா மூடியை அவர் கழற்றவில்லை, குறிப்பேட்டை மூடவும் இல்லை. "ஆணி இருக்கும்போல அதுல" என்றார் என்னிடம், மெதுவாக. நான் இருக்கும் என்றேன்.

மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். மேல்சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, பொத்தானைத் தேடி, சாலையில் பொருள் எதுவும் இல்லை என்று பதிந்தார். நெற்றி வேர்வையைத் தோளில் ஒற்றிக்கொண்டார். பிறகு முன்னால் இருந்த சாலையைப் பார்த்தபடியே, சாவிக்காக அதிகாரியின் பக்கம் இடது கையை நீட்டினார்.